பழைய ஜப்பானிய மடக்குத்திரை: எந்தக் கோளாறுக்கு என்ன செய்யலாம், எதைத் தொடவே கூடாது

கீல் கிழிந்திருக்கிறது, பச்சைப் பொடி உதிர்கிறது, தங்கத்தில் கட்டம் கட்டமாகக் கோடு தெரிகிறது. இப்படி ஏதோ ஒன்றைப் பார்த்துப் பதறித்தான் இங்கே வந்திருப்பீர்கள். கையில் டேப்போ பசையோ ஈரத்துணியோ இருந்தால் முதலில் அதைக் கீழே வைத்துவிடுங்கள். ஜப்பானிய மடக்குத்திரைக்கு (அங்கே பியோபு என்கிறார்கள்) வயதால் வரும் சேதத்தைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம், பதற்றத்தில் நாம் செய்கிற கைவைத்தியத்தால் வரும் சேதத்தைச் சரிசெய்வதுதான் பாடு.

என்னிடம் இருப்பது ஜப்பானின் எடோ காலத்தின் (1603 முதல் 1868 வரை) கடைசிப் பகுதியைச் சேர்ந்த ஆறு தட்டித் திரை. கையெழுத்து இல்லை, முத்திரையும் இல்லை. தங்கப் பின்னணியில் ஒரு வேலி, வேலியோரம் வெள்ளைச் சாமந்தி. கியோட்டோவில் தோஜி கோயில் வளாகத்தில் மாதாமாதம் 21ஆம் தேதி கூடுகிற சந்தையில் வாங்கினேன். வாங்கிய வருடமே மூன்றாவது, நான்காவது தட்டிகளுக்கு நடுவில் கீல் விட்டுப்போனது, நான் பின்பக்கம் டேப் போட்டு ஒட்டினேன். பிறகு அதை எடுப்பதற்கு ஒரு ஹியோகுஷியிடம் (சுருள் ஓவியமும் திரையும் கட்டுகிறவர்) போனபோது, அந்த ஒரு சாண் டேப்பை எடுக்க அவருக்கு ஏறக்குறைய ஒரு பகல் முழுக்கத் தேவைப்பட்டது, அப்போதும் பின்தாளின் மேல்தோல் கொஞ்சம் அதோடு போனது. கீலை மாற்றி ஒட்டியது அதைவிடச் சுலபமாக முடிந்தது. இந்தக் குறிப்பு முழுக்க அந்தப் பகலிலிருந்து வந்ததுதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும். தட்டி என்பது கனத்த பலகை இல்லை. உள்ளே சுகி (ஜப்பானிய தேவதாரு வகை) மரத்தின் மெல்லிய ரீப்பர்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய சட்டம், கட்டங்களுக்கு நடுவில் வெறும் காற்று. அதன் மேல் கோசோ என்ற செடியின் நாரில் செய்த வாஷி (ஜப்பானியக் கைக்காகிதம்) அடுக்கடுக்காக வரும். முதல் அடுக்கு மரத்தோடு இறுக்கமாக ஒட்டிச் சட்டத்தைக் கட்டிப்போடும். நடுவில் வருகிற அடுக்கில், ஒவ்வொரு தாளுக்கும் ஒரு ஓரம் மட்டும் ஒட்டி ஒன்றின் மேல் ஒன்று படிய விடுவார்கள், வைக்கோல் மழைச்சட்டை மாதிரி, பேரும் அதுவேதான். அதற்கும் மேலே ஓரங்களில் மட்டும் பசை தொட்டு மிதக்க விட்ட தாள்கள், அதன் மேல்தான் ஓவியம். மழைக்கு மரம் ஊதும், குளிருக்குச் சுருங்கும், அந்த இழுவையை எல்லாம் நடு அடுக்குகள் வாங்கிக்கொண்டு ஓவியம் வரை வராமல் பார்த்துக்கொள்கின்றன.

பசை கோதுமைப் பசை. சுவரொட்டி ஒட்டுகிற மைதாப் பசையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மாவைக் கழுவிப் பிசுபிசுக்கும் புரதத்தை நீக்கிவிட்டு மிஞ்சுகிற மாச்சத்தை மட்டும் காய்ச்சுவது. இதன் பெரிய குணம், நூறு வருடம் கழித்தும் ஈரம் காட்டினால் விட்டுக்கொடுக்கும். ஏனென்றால் திரையே பிரித்துக் கட்டுவதற்கென்று செய்த பொருள். நூறு ஆண்டுக்கு ஒருமுறை போல ஓவியத்தைப் பிரித்து, அடித்தாளையும் சட்டத்தையும் புதுப்பித்து, மறுபடி ஏற்றுவது அங்கே வழக்கம். அதனால் எந்தக் கோளாறைப் பார்த்தாலும் நான் கேட்கிற ஒரே கேள்வி: இப்போது நான் செய்யப்போவதைப் பிறகு ஒருவரால் பிரிக்க முடியுமா? முடியாது என்றால் செய்ய மாட்டேன்.

நிற்க மாட்டேன் என்கிறது, தொட்டால் ஆடுகிறது

பெரும்பாலும் இது கோளாறே இல்லை. முழுக்க விரித்துச் சுவர் போல நிறுத்தப் பார்த்திருப்பீர்கள். வணிகரும் மடக்குத்திரையும் நேராக இருந்தால் நிற்க முடியாது என்று ஜப்பானில் பழமொழியே உண்டு. ஒவ்வொரு மடிப்பும் நன்றாக வளைந்து, மேலிருந்து பார்த்தால் பாம்பு நெளிவது போல இருக்க வேண்டும். தரை சமமாக இருக்கிறதா பாருங்கள், கம்பளத்தின் விளிம்பில் ஒரு தட்டி ஏறி நின்றாலே போதும், மற்ற ஐந்தும் சேர்ந்து ஆடும். இவ்வளவும் சரியாக இருந்தும் ஆடினால் கீல் தளர்ந்திருக்கிறது, கீல் பகுதிக்குப் போங்கள்.

நகர்த்தும்போது மடக்கித்தான் நகர்த்த வேண்டும், இரண்டு பேர் வேண்டும், மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றிவிட வேண்டும், பிடி வெளிச்சட்டத்தில் மட்டும். விரித்த நிலையில் ஒருவர் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழு எடையும் காகிதக் கீலில் வந்து விழும்.

ஒரு தட்டி மட்டும் வில் போல வளைந்திருக்கிறது

அந்தத் தட்டிக்கு என்ன நடந்தது என்று சுற்றிலும் பாருங்கள். ஏசி காற்று நேராகப் படுகிறதா, வெயில் விழும் ஜன்னல் பக்கமா, பின்னால் ஈரச்சுவரா. ஒரு முகம் காய்ந்து மறுமுகம் ஈரமாக இருந்தால் தட்டி காய்ந்த பக்கம் இழுக்கும். திரையை அந்த இடத்திலிருந்து எடுத்து, அறையின் ஈரப்பதத்தை 50 முதல் 60 சதவீதத்துக்குள் மெதுவாகக் கொண்டுவாருங்கள். மெதுவாக என்றால் வாரக்கணக்கில். சில வளைவுகள் அப்படியே திரும்பிவிடும். எதிர்ப்பக்கம் எடை வைத்து நிமிர்த்தப் பார்த்தால் உள்ளே ரீப்பர் பொருத்துகள் விட்டுப்போகும். பல மாதம் ஆகியும் திரும்பவில்லை என்றால் சட்டமே கோணிவிட்டது, அது பட்டறை வேலை.

கீல் கிழிந்திருக்கிறது

இந்தக் கீலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், திரையிலேயே கெட்டிக்காரத்தனமான பகுதி இதுதான். மிகப் பழைய திரைகளில் தட்டிக்குத் தட்டி தனித்தனியாகப் பட்டுக்கரை வைத்துக் கயிற்றால் பிணைத்திருந்தார்கள், ஓவியமும் தட்டிக்குத் தட்டி அறுந்துதான் நிற்கும். 14ஆம் நூற்றாண்டு வாக்கில் காகிதக் கீல் வந்த பிறகுதான் ஆறு தட்டியும் ஒரே பரப்பாக மாறி, ஒரு ஆறோ மலையோ வலக்கோடியிலிருந்து இடக்கோடி வரை தடையில்லாமல் ஓட முடிந்தது. (வலமிருந்து இடமாகத்தான் பார்க்க வேண்டும், எண்ணிக்கையும் அப்படித்தான்.)

கீல் எப்படி வேலை செய்கிறது என்றால், தட்டியின் உயரத்தைப் பல துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் காகிதப் பட்டை இந்தத் தட்டியின் முன்பக்கத்திலிருந்து அடுத்த தட்டியின் பின்பக்கம் போகும், அடுத்த துண்டில் பின்னாலிருந்து முன்னால் வரும். மாறி மாறி வருவதால் இரண்டு பக்கமும் மடங்கும், விரித்தால் நடுவில் இடைவெளியும் விழாது. உலோகக் கீல் எதுவும் இதைச் செய்யாது. வெளிநாட்டில் விற்கிற சில திரைகளில் பித்தளைக் கீல் அடித்திருப்பதைப் பார்க்கலாம். திருகு இறங்கிய இடத்தில் மரம் பிளந்திருக்கும், திரையும் ஒரு பக்கம்தான் மடங்கும்.

இப்போது உங்கள் கிழிசல். மேலோ கீழோ ஒரு துண்டு மட்டும் கிழிந்திருந்தால் அவசரம் இல்லை, ஆனால் விரிப்பதும் மடக்குவதும் நிற்க வேண்டும், மீதித் துண்டுகள் அந்தச் சுமையைச் சேர்த்துத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. திரையை மடக்கி, செங்குத்தாக நிறுத்தி, அகலமான பருத்தி நாடாவால் சட்டத்தைச் சுற்றித் தளர்வாகக் கட்டிவிடுங்கள். முழுக்க விட்டுப்போய் இரண்டு பாகமாக வந்துவிட்டதா, சரி, இரண்டு பாகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தட்டி எங்கே இருந்தது என்பதை மட்டும் ஒரு சீட்டில் எழுதி நாடாவில் கட்டுங்கள். சீட்டைத் திரையில் ஒட்டக் கூடாது.

நான் ஒட்டிய டேப்பின் கதையைச் சொன்னேன். அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்குகிறது, பிறகு தண்ணீருக்கு அசையாது. முன்பக்கம் தங்கத்தின் மேல் ஒட்டியிருந்தால் இழுக்கும்போது தங்கமும் வந்துவிடும். ஏற்கனவே யாரோ ஒட்டிய டேப் இருந்தால் அதை உரிக்காமல் அப்படியே விடுங்கள், எடுப்பது தெரிந்தவர் எடுக்கட்டும்.

நடுவில் ஓட்டை, அல்லது விரல் பட்ட இடம் குழிந்திருக்கிறது

உள்ளே காற்றுதான் என்று சொன்னேன் இல்லையா, அதனால் ஒரு முழங்கை, ஒரு நாற்காலி முதுகு, குழந்தையின் விரல், எது பட்டாலும் பறை கிழிவது போலக் கிழியும். கிழிந்த மடலை உள்ளே தள்ளாதீர்கள், வெளியே இழுக்காதீர்கள். தரையில் விழுந்த துண்டு எவ்வளவு சின்னதாக இருந்தாலும், கடுகளவு தங்கத் துணுக்காக இருந்தாலும், ஒரு வெள்ளைத்தாளால் வாரி எடுத்து மடித்து, எந்தத் தட்டியில் எந்த உயரத்திலிருந்து விழுந்தது என்று மேலே எழுதி வையுங்கள். பட்டறையில் அது மறுபடி அதே இடத்தில் உட்காரும். பின்பக்கத்தைத் திறந்து உள்ளேயிருந்து ஒட்டலாம் என்று தோன்றும், அதுவும் வேண்டாம்.

ஓட்டை வழியாக உள்ளே எழுத்து தெரிகிறதா? என் திரையின் கீழ்மூலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கிழிசல் இருந்தது. பட்டறையில் அந்தப் பெரியவர் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினார், உள்ளே பழுப்பேறிய தாளில் மசியால் எழுதிய கணக்கு, ஒரே அளவு இடைவெளியில் எண்கள், ஒரு வரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு முத்திரை. அந்தக் காலத்தில் காகிதம் வீணாக்கும் பொருள் இல்லை. பழைய கணக்கேடு, கடிதம், ரசீது எல்லாம் அடித்தாளாகப் போனது. ஜப்பானிய வரலாற்று ஆய்வாளர்களுக்கு இது ஒரு புதையல். ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் தோகிகுனி குடும்பத்தின் ஆவணங்களை வரலாற்றாசிரியர் அமினோ யோஷிஹிகோவும் அவரோடு இருந்தவர்களும் ஆராய்ந்தபோது, வீட்டுத் தள்ளுகதவுகளின் அடித்தாள்களிலிருந்தும் காகிதங்கள் எடுத்தார்கள். பெரிய பண்ணையார் குடும்பம் என்று மட்டும் நினைத்திருந்தவர்கள் கப்பல் வாணிகமும் செய்தவர்கள் என்பது தெளிவானது. ஆகவே திரையைப் பட்டறையில் கொடுக்கும்போது, அடித்தாளைத் தூக்கிப் போடாமல் எனக்குக் கொடுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தங்கத்தில் கட்டம் கட்டமாகக் கோடு

அளந்து பாருங்கள். கட்டம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் சதுரமாக, விளிம்புகளில் தங்கம் கொஞ்சம் அழுத்தமாகத் தெரிந்தால் நல்ல செய்தி. அது தங்க ரேக்கு ஒன்றின் மேல் ஒன்று படிந்த இடம், ஜப்பானியில் அதை ரேக்கின் கால் என்கிற பொருளில் ஹகுவாஷி என்பார்கள். இன்றைக்கு ஜப்பானின் கனசாவா நகரில் தட்டுகிற வழக்கமான ரேக்கு 10.9 சென்டிமீட்டர் சதுரம், கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். பழைய ரேக்குகளில் அளவு கொஞ்சம் முன்பின் இருக்கும். இந்தக் கோடுகளைத் தேய்த்து மறைக்க நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், துணி பட்டால் முதலில் போவது தங்கம்தான்.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற, மேடும் பள்ளமுமான பெரிய கட்டங்கள் வேறு. அது உள்சட்டம் மேலே தெரிவது. அடித்தாள் களைத்துவிட்டது, அல்லது முன்பு கட்டியவர் அடுக்குகளைக் குறைத்துவிட்டார். உடனே ஆபத்தில்லை, அடுத்த முறை பிரித்துக் கட்டும்போது சரியாகும்.

மடக்கி விரித்தால் பச்சையோ நீலமோ வெள்ளையோ பொடியாக உதிர்கிறது

இந்தப் பட்டியலில் நான் பயப்படுகிற அறிகுறி இது ஒன்றுதான்.

திரையின் நிறங்கள் சாயம் இல்லை, பெரும்பாலும் கல். நீலம் அசுரைட், பச்சை மாலகைட், இரண்டும் செம்பின் தாதுக்கள். வெள்ளை சிப்பி ஓட்டைப் பொடித்தது. இவற்றைக் காகிதத்தோடு பிடித்து வைத்திருப்பது நிகாவா என்ற விலங்குப் பசை, நம் ஆசாரிமார் காய்ச்சுகிற வச்சிரத்தின் உறவு. கல்லை எவ்வளவு கரடாக அரைக்கிறார்களோ நிறம் அவ்வளவு அடர்த்தி, ஆனால் பெரிய மணலுக்குப் பிடிமானம் குறைவு. அந்த ஆழ்ந்த நீலம் மணல் மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறது. தோக்கியோவின் நெஸு அருங்காட்சியகத்தில் ஓவியர் ஓகாதா கோரினின் ஐரிஸ் பூத் திரைகளை ஆண்டுக்கு ஒருமுறை, தோட்டத்தில் அதே பூ பூக்கிற ஏப்ரல், மே மாத வாக்கில்தான் வெளியே எடுப்பார்கள், வெறும் தங்கமும் நீலமும் பச்சையும்தான். அந்த நீலத்தின் முன்னால் நின்றவர்களுக்கு அதன் சொரசொரப்பு கண்ணுக்கே தெரியும். நிகாவா வயதாக ஆக வலுவிழக்கும், வறண்ட அறையில் இன்னும் சீக்கிரம்.

என் திரையில் இது எப்படித் தெரிந்தது என்றால், ஒரு பிப்ரவரியில் விரித்தபோது முதல் தட்டியின் கீழ்ச்சட்டத்தில் மெல்லிய பச்சைக் கோடு, யாரோ நகத்தால் சுண்ணாம்பு வைத்துப் போனது போல. மேலே தேடினால், சாமந்தி இலைகளில் ஒன்றில் நரம்புக்கோடு மட்டும் நிற்கிறது, இலையின் வயிறு காணோம். பக்கத்து வெள்ளைப் பூவில் இதழ்கள் தடித்து எழும்பி நிற்கும், சிப்பி வெள்ளையைக் கெட்டியாகக் குழைத்து மேடாக வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு இதழின் ஓரம் காய்ந்த குளத்துச் சேறு போல மேல்நோக்கிச் சுருண்டிருந்தது.

சுருண்டிருப்பது இன்னும் விழவில்லை என்று பொருள், அதனால் இங்கே நீங்கள் செய்வதும் செய்யாததும்தான் தீர்மானிக்கும். திரை விரித்திருந்தால் விரித்தபடியே விடுங்கள். மடக்கும்போது ஒன்றும் இரண்டும், மூன்றும் நான்கும், ஐந்தும் ஆறும் முகத்தோடு முகம் சேர்கின்றன, சேர்ந்து அசையும்போது உரசும். மடக்கியிருந்தால் அப்படியே செங்குத்தாக வைத்துவிட்டு, திறந்து திறந்து பார்க்காதீர்கள். தூசி தட்ட வேண்டாம், பஞ்சு வேண்டாம், தூரிகை வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம். தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரேயை அடித்தால் பொடி நின்றுவிடும் என்று யோசனை சொல்கிறார்கள். நிற்கும், கூடவே மங்கிக் கறுத்து, பிறகு எடுக்கவே முடியாத படலமும் நிற்கும். பட்டறையில் இதற்கு நீர்த்த நிகாவாவையோ ஃபுனோரி என்ற கடற்பாசிப் பசையையோ மெல்லிய தூரிகை நுனியில் தொட்டு, துணுக்குக்கு அடியில் இறங்கவிட்டு, காய்ந்தபின் மறுபடி என்று பல தடவை செய்கிறார்கள். எந்தச் செறிவில், எத்தனை தடவை என்பதில்தான் அவர்களின் வருடக்கணக்கான பயிற்சி இருக்கிறது. இதை மட்டும் வீட்டில் முயலாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

பச்சையைச் சுற்றிக் காகிதம் பழுப்பாகிறது, வெள்ளி கறுத்துவிட்டது

பச்சையின் செம்பு காகிதத்தை மெல்ல எரிக்கிறது. ஜப்பானில் இதற்கு ரொகுஷோ-யாகே என்று பேர், பச்சை சுட்டது என்று அர்த்தம். முற்றினால் காகிதம் பச்சையின் வடிவத்திலேயே உடைந்து விழும். வீட்டில் நிறுத்த வழியில்லை, ஈரம் அதிகமானால் வேகம் கூடும், ஆகவே ஈரத்தைக் கட்டுப்படுத்தி, நல்ல புகைப்படம் எடுத்து வைத்து, வருடத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகத்தால். அதைத் துடைத்து மின்ன வைக்க முடியாது, ரேக்கு அவ்வளவு மெல்லியது, கறுப்பைத் துடைத்தால் வெள்ளியே போய்விடும். கறுத்த நிலாவும் கறுத்த ஓடையும் உள்ள திரைகள் ஏராளம். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளத்தான் நான் பழகியிருக்கிறேன்.

புள்ளிகள், பூசணம்

பழுப்புப் புள்ளி, தட்டையாக, காகிதத்துக்குள்ளேயே இருக்கிறது என்றால் பழையது, கவலைப்பட வேண்டாம். வெள்ளையாகவோ சாம்பலாகவோ பஞ்சு போல எழும்பி, மண்வாசனை அடித்தால் உயிருள்ள பூசணம். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், மற்ற ஓவியங்களிலிருந்து திரையைப் பிரித்து, காற்று நகர்கிற உலர்ந்த அறைக்குக் கொண்டுபோங்கள். மின்விசிறியை நேராகத் திருப்ப வேண்டாம், வித்து எல்லா இடமும் பறக்கும். வெயிலில் போடவே கூடாது, நம் வீட்டுப் பழக்கத்தில் கை அங்கேதான் போகும், ஆனால் வெயில் பட்டால் ஒரே மணி நேரத்தில் காகிதம் இழுத்துக்கொள்ளும். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூசணம் திரும்ப வரும், அதனால் மூலகாரணம் சுவரா, மழைக்காலமா, அடைத்து வைத்த அலமாரியா என்று கண்டுபிடிக்காமல் சுத்தம் செய்து பயனில்லை.

ஜப்பானில் மழைக்காலம் கழிந்து காற்று உலர்ந்தபின் பொருட்களை வெளியே எடுத்துக் காற்றாட விடுகிற வழக்கத்துக்கு முஷிபோஷி என்று பேர். கியோட்டோவின் தாயிதோகுஜி கோயிலில் அக்டோபரில் இதைச் செய்யும்போது பொதுமக்களும் போய்ப் பார்க்கலாம். நாராவின் ஷோசோயின் களஞ்சியத்தைத் திறப்பதும் இலையுதிர் காலத்தில்தான். அங்கே மரத்தடியில் பெண்கள் நிற்கும் 8ஆம் நூற்றாண்டுத் திரை இருக்கிறது, அவர்களின் உடைகளில் காட்டுக்கோழி இனப் பறவையின் இறகுகளை ஒட்டியிருந்தார்கள், இறகு பெரும்பாலும் போய்விட்டது, காகிதமும் கோடும் நிற்கின்றன. நீங்களும் வருடத்துக்கு ஒருமுறை, உலர்ந்த நாளாகப் பார்த்து, இரண்டு மூன்று மணி நேரம் நிழலில் விரித்து வைத்தால் பாதிப் பிரச்சினை வராது.

பூச்சி

சட்டத்தில் ஊசி குத்தியது போல வட்ட ஓட்டையும் கீழே மாவும் இருந்தால் மரம் துளைக்கும் வண்டு. மாவைத் துடைத்துவிட்டு, அடியில் கறுப்புத்தாள் விரித்து இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள், புது மாவு இல்லை என்றால் பழைய கதை. காகிதத்தின் மேற்பரப்பு மட்டும் சுரண்டியது போல மெலிந்திருந்தால் ராமபாணம், பசையின் மாச்சத்துக்காக வருகிறது. மருந்து எதையும் தெளிக்காதீர்கள். பட்டறைகளிலும் அருங்காட்சியகங்களிலும் ஆக்சிஜனை நீக்கிய உறைக்குள் வாரக்கணக்கில் வைத்துக் கொல்கிறார்கள், நிறத்துக்கு ஆபத்தில்லாத வழி அது. பெட்டியில் அந்துருண்டை வைத்தே தீருவேன் என்றால், கற்பூரத்தையும் அந்துருண்டையையும் சேர்த்து வைக்காதீர்கள், இரண்டும் கலந்து உருகிக் கறையாகும்.

உயரத்தின் நடுவில் வட்டமான ஒட்டு, கோடுகள் அடுத்த தட்டியோடு சேரவில்லை

இது சேதம் இல்லை, திரையின் முன்கதை. தள்ளுகதவுகளாக இருந்தவற்றைப் பிறகு திரையாக மாற்றுவது சகஜம், வட்டம் என்பது கதவுப் பிடி இருந்த இடம். கானோ எய்தோகுவின் சைப்ரஸ் மரத்தைப் பாருங்கள், 1590இல் ஒரு இளவரசரின் மாளிகைக்குக் கதவாக வரைந்தது, பிறகு எட்டுத் தட்டித் திரையாக மாற்றியதில் கிளைகள் ஓரங்களில் பொருந்தாமல் நின்றன. 2012 முதல் 2014 வரை நடந்த பராமரிப்பில் அதை நான்கு நான்கு தட்டியாகப் பிரித்துக் கட்டினார்கள். ஹசேகாவா தோஹாகுவின் பனிமூட்டப் பைன் மரத் திரைகளில் காகித ஒட்டுகளே ஒழுங்காகச் சேராது, அதனாலேயே அது முதலில் வரைவாக இருந்திருக்கலாம் என்ற பேச்சு உண்டு. இரண்டுமே தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, இரண்டும் தேசியப் பொக்கிஷங்கள். ஆகவே உங்கள் திரையின் வட்டத்தை மறைக்கத் தங்க வண்ணம் பூச வேண்டாம்.

வெளிச்சட்டத்தில் மெருகு உரிகிறது, மூலைத் தகடு காணோம், பட்டுக்கரை கிழிந்தது

இவை செருப்பு மாதிரி, தேய்வதற்கென்றே இருப்பவை. ஓவியத்தைக் காப்பாற்ற இவை அடிவாங்குகின்றன. பிரித்துக் கட்டும்போது மாற்றலாம். பழையதைத் திரும்பக் கேட்டு வாங்கி வையுங்கள், காலம் கணிக்க உதவும்.

கனமாக இருக்கிறது, பன்னிரண்டு தட்டி, கறுப்பு மெருகில் செதுக்கிய ஓவியம்

அப்படியென்றால் அது பெரும்பாலும் சீனத்தது, மேலே சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. ஐரோப்பியர் இந்தத் திரைகளைக் கோரமண்டல் திரை என்று அழைத்தார்கள், சீனாவில் செய்து நம் சோழமண்டலக் கரை வழியாகக் கப்பலேறியதால் கிடைத்த பேர், நம் கரையில் எவரும் இதைச் செய்ததில்லை. அது பலகை மேல் மெருகு, அதற்கான ஆள் வேறு.

ஆளைக் கூப்பிடும் முன்

பகல் வெளிச்சத்தில் முழுத்திரை ஒரு படம், பின்பக்கம் ஒரு படம், தட்டிக்கு ஒன்றாக வலமிருந்து எண்ணிட்டு ஆறு படம், கோளாறு உள்ள இடத்தை நேராகவும் டார்ச்சைச் சாய்த்தும் இரண்டிரண்டு படம். பின்பக்கத்தைப் புறக்கணிக்காதீர்கள். கோரின் வரைந்த காற்றுக்கடவுள், இடிக்கடவுள் திரைகளின் முதுகில்தான் சகாய் ஹோயித்சு வெள்ளி ரேக்கின் மேல் கோடை, இலையுதிர்காலப் புற்களை வரைந்தார், இப்போது இரண்டையும் பிரித்துத் தனித்தனித் திரைகளாகப் பாதுகாக்கிறார்கள். உயரம், தட்டியின் அகலம், எங்கே எவ்வளவு காலம் நின்றது, முன்பு யார் என்ன ஒட்டினார்கள் என்பதையும் எழுதுங்கள். டேப் ஒட்டியது நீங்கள்தான் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், எந்த வகை டேப் என்று தெரிந்தால் அவர்கள் வேலை குறையும்.

ஜப்பானுக்கு வெளியே இருப்பவர்கள், கிழக்காசிய ஓவியத்துக்கென்று தனிப் பட்டறை உள்ள இடங்களில் கேளுங்கள். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், வாஷிங்டன் ஃப்ரீர் கலைக்கூடம் ஆகியவற்றில் அப்படிப்பட்ட பட்டறைகள் உண்டு. வெளியார் வேலையை எடுக்காவிட்டாலும், பயிற்சி பெற்ற தனியார் யார் என்று கேட்டுப் பார்க்கலாம். சாதாரணப் படச்சட்டக் கடையில் கொடுக்காதீர்கள். யாரிடம் பேசினாலும் முதல் கேள்வியாக என்ன பசை என்று கேளுங்கள். கோதுமை மாச்சத்து என்று பதில் வந்தால் மேற்கொண்டு பேசுங்கள். அதுவரை திரை மடக்கியபடி, பருத்தி உறைக்குள், செங்குத்தாக, தரையிலிருந்து ஒரு மரக்கட்டை உயரத்தில், வெளிச்சுவரைத் தொடாமல் நிற்கட்டும். பொடி உதிர்கிற திரை விரித்திருந்தால் மட்டும், அதே இடத்தில் திரைச்சீலையை இழுத்து வெளிச்சத்தை அடைத்துவிட்டு அறையைப் பூட்டிவிடுங்கள்.